அப்பாவுக்கு எதிராகத் தூக்கிய கை

ஏலக்கூடத்தில் தொலைபேசி பிடிக்கிறவனுக்கு இரண்டு கையும் தன்னுடையதில்லை. இடது கை ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கும். வலது கை, எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு "கேளு" என்று சொல்கிறவருடையது. அவர் சொன்னால் தூக்க வேண்டும், போதும் என்றால் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கூடத்தில் விலை எங்கே நிற்கிறது என்று தணிந்த குரலில் அவருக்குச் சொல்லலாம். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நடுவில் எழுந்து போகக் கூடாது. அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான் என் அப்பாவுக்கு எதிராக ஐந்து தடவை கை தூக்கினேன்.

பெங்களூரில் பழம்பொருட்களை ஏலம் விடும் ஒரு நிறுவனத்தில் நான் கேட்லாக் எழுதுகிறேன். வெள்ளிச் சாமான்கள், பழைய நகைகள், பாக்கெட் கடிகாரங்கள் எல்லாம் என் மேசைக்கு வரும். லென்ஸை வைத்து அடிப்பக்கத்து முத்திரையைப் பார்த்து, எந்த ஊரில் எந்தக் காலத்தில் செய்தது என்று கண்டுபிடித்து, எடை போட்டு, எங்கே நெளிந்திருக்கிறது, எங்கே பற்றவைத்திருக்கிறார்கள் என்பதை ஆங்கிலத்தில் மரியாதையாக எழுத வேண்டும். நெளிசல் என்று அப்பட்டமாக எழுதக் கூடாது. வயதுக்கேற்ற தேய்மானம் என்று எழுத வேண்டும். இந்த மரியாதையைக் கற்றுக்கொள்ளவே எனக்கு நாலு மாதம் பிடித்தது. எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போனவன் நான் ஒருவன்தான். அப்பா மூன்றாவதோடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனதே எனக்கு அட்மிஷன் வாங்கத்தான்.

வீடு தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம், சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் கட்டிக்கொடுத்த லைன் வீடு. காலையில் உரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பெங்களூர் போய்ச் சேர இரண்டரை மணி நேரம், திரும்பி வர இரண்டரை மணி நேரம். உட்காரும் பெட்டியும் மாறாது, பக்கத்தில் உட்காருகிறவர்களும் மாறமாட்டார்கள். ஒருநாள் நான் வேறு பெட்டியில் ஏறிவிட்டேன் என்பதற்காக, உடம்பு சரியில்லையா என்று மறுநாள் மூன்று பேர் விசாரித்தார்கள். அந்த ரயிலில் போகிற பாதிப்பேர் என்னை மாதிரி டெம்பரரி ஆட்கள்.

டெம்பரரி, பர்மனென்ட் என்ற இரண்டு வார்த்தைகளுக்கு எங்கள் ஊரில் இருக்கும் கனம் வேறு எங்கேயும் இருக்காது என்று நினைக்கிறேன். பெண் கொடுப்பதும், வீடு ஒதுக்குவதும், கடையில் ஒரு மனிதனை உட்காரச் சொல்வதும் அந்த வார்த்தையை வைத்துத்தான் ஒரு காலத்தில் நடந்தது. அப்பா பதினொரு வருஷம் சுரங்கத்துக்குள் டெம்பரரியாக இறங்கினார்; பர்மனென்ட் ஆன இரண்டாம் வருஷம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டில் செக்யூரிட்டியாக நின்றார், முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும். அதனால் எனக்கு வேலை கிடைத்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதில்லை. "எப்போ பர்மனென்ட் பண்ணுவாங்க?" என்றார். ஒரு வருஷம் பார்ப்பார்கள் என்றேன்.

அந்த ஒரு வருஷம் முடிய மூன்று மாதம் இருந்தபோது நிறுவனத்தை நடத்தும் மேடம் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கேஜிஎஃப் என்ற மூன்று எழுத்துக்குப் பெங்களூரில் இப்போது ஒரு மவுசு இருக்கிறது, தங்கவயல் வீடுகளிலிருந்து வந்த வெள்ளியும் நகையும் என்று தனியாகவே ஒரு ஏலம் போடலாம், நீ அந்த ஊர்க்காரன், உன்னால் மட்டும்தான் இதைச் செய்ய முடியும் என்றார். மிரட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஏலம் நன்றாக நடந்தால் உன்னை நிரந்தரமாக்க எனக்கு வேறு காரணம் தேவைப்படாது என்றும் சொன்னார். நன்றாக நடக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆறு வாரம், வார விடுமுறை நாட்களில், பாக்கெட் தராசையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு அலைந்தேன். மார்க்கெட்டில் விசாரித்தால் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும் என்று ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வெள்ளிக்கடைக்காரரிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா சார், எங்க கடைக்கு உருக்க வர்ற பழசு எல்லாத்தையும் நீயே வாரிகினு போனா நாங்க இன்னா, சுண்டல் விக்கறதா?" என்றார். பிறகு அவரே நாலு வீடு சொன்னார்.

ஸ்கெலட்டன் என்கிற லைனில் ஒரு வீட்டில், புருஷன் இறந்து தனியாக இருக்கும் ஒரு அக்கா, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஆறு வெள்ளி ஸ்பூன்களை எடுத்து வைத்தார். கம்பெனி கிளப்பின் சின்னம் பொறித்தவை. அவருக்கு விற்க இஷ்டமில்லை என்பது அவர் அதை அவிழ்த்த விதத்திலேயே தெரிந்தது. வேண்டாமென்றால் வேண்டாம் அக்கா என்றேன். "படிச்ச புள்ள வூடு தேடி வந்து கேக்கற. இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்று டீ போடப் போய்விட்டார். அவருக்கு என்னிடம் மறுக்கத் தெரியவில்லை. எனக்கு மேடத்திடம் மறுக்கத் தெரியவில்லை. ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு டீயைக் குடித்தேன். இப்படித்தான் பாதிச் சாமான்கள் சேர்ந்தன.

எல்லாவற்றையும் படம் எடுத்து மேடத்திடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஸ்பூன், மூக்குத்தி, கால்காப்பு, கடிகாரம் எல்லாம் சரி, ஆனால் அட்டைப்படத்துக்கு ஒன்றும் இல்லையே என்றார். அட்டையில் போட ஒரு பெரிய பொருள் இல்லாமல் ஏலத்துக்கு ஆள் வராது என்றார்.

இதை வீட்டில் நான் அம்மாவிடம்தான் சொன்னேன். அப்பா கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, கண்ணாடி மாட்டியிருந்த பலகையிலிருந்து எங்கள் வெள்ளிக் கோப்பையை எடுத்தார். உள்ளே இருந்த சீப்பு, பேனா, ரீசார்ஜ் கடை ரசீதுகள், ஒரு ஊக்கு எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிவிட்டு என் முன்னால் வைத்தார்.

"இத்த எட்த்துகினு போ."

"வேணாம்பா."

"இன்னா வேணாம்? பர்மனென்ட் ஆவணுமா, வேணாமா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "அப்போ சீப்ப எங்க வெக்கறதாம்?" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

அந்தக் கோப்பை அப்பாவின் அப்பாவுக்கு வந்தது. அவர் சுரங்கத்துக்குள் இறங்கியவர் இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பங்களாவில் தோட்டக்காரர். வருஷா வருஷம் நடந்த பூக்கண்காட்சியில் அவர் வளர்த்த ரோஜாவுக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசு தோட்டத்தின் சொந்தக்காரியான அதிகாரியின் மனைவிக்குத்தானே? இரண்டு கைப்பிடி வைத்த அந்தக் கோப்பையில் அந்த அம்மாவின் பெயரைப் பொறித்துக் கொடுத்தார்கள். அவர்கள் கப்பலேறியபோது கோப்பையைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் அந்த எழுத்தை முதலில் வாசித்தவன் நான், நாலாவது படிக்கும்போது. இதில் நம்ம பெயர் இல்லையே அப்பா என்றேன். பேரு யாருதா இருந்தா இன்னா, பூ நம்மளுது என்றார்.

இரண்டாவது தடவை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எழுதுவது சுலபம். அன்றைக்கு அந்தக் கோப்பையைக் கையில் வாங்கியபோது என் புத்தி, கேட்லாக் எழுதுகிறவனின் புத்தி, அது அட்டைக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்றுதான் பார்த்தது. விளிம்பில் ஒரு இடத்தில் நெளிந்திருந்தது. நான் சின்ன வயதில் கீழே போட்டது. வயதுக்கேற்ற தேய்மானம் என்று எழுதினேன்.

பொருளைக் கொடுக்கிறவர் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் நாலு பக்கம், ஆங்கிலத்தில். ஊழியரின் வீட்டுப் பொருள் என்று மேடத்திடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கினேன். படிவத்தை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்: நாற்பதாயிரத்துக்குக் கீழே போனால் விற்கமாட்டார்கள், விற்றால் அவர்களுக்கு இத்தனை கமிஷன், மீதி முப்பது நாளில் வரும். மூன்றாம் பக்கத்தில் ஒரு ஷரத்து இருந்தது. பொருளின் சொந்தக்காரரோ அவர் சார்பில் வேறு யாரோ அந்தப் பொருளுக்கு விலை கேட்கக் கூடாது. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. யார் தன் பொருளைத் தானே ஏலத்தில் கேட்கப்போகிறார்கள் என்று தாண்டிப் போய்விட்டேன்.

எங்கள் சர்ச் சபையில் எல்லோரும் தங்கள் பொருளைத் தாங்களே கேட்பார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம் அந்த நேரத்தில் என் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

அறுப்பதற்கு ஒரு வயல்கூட இல்லாத ஊரில் நாங்கள் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை கொண்டாடுகிறோம். மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காய், வீட்டில் சுட்ட கேக், கோழி, ஊறுகாய் ஜாடி என்று ஆளுக்கு ஒன்று கொண்டுபோய் சர்ச்சில் ஆல்டர் மேடை முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். பணம் சபைக்கு. அந்த ஏலத்துக்கு எங்கள் சபையில் ஒரு முறை உண்டு. கொண்டுவந்தவர்தான் முதல் விலை கேட்க வேண்டும். அதோடு விட்டுவிடவும் கூடாது. விலை சோர்ந்து நின்றால் அவரே மறுபடியும் ஏற்றிவிட வேண்டும். கேட்காமல் சும்மா நின்றால், "இன்னாப்பா, அழுகலா கொண்டாந்தியா?" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். தன் பொருளைத் தானே கேட்பது அங்கே பொருளுக்கும் சபைக்கும் செய்கிற மரியாதை. ஒரே வீட்டு ஆட்கள் எதிரெதிரே கேட்டால் இன்னும் விசேஷம். எனக்கு வேலை கிடைத்த வருஷம், அப்பா கொண்டுபோன பூசணிக்காய்க்கு அவரும் நானும் மாறி மாறிக் கேட்டோம். கடைசியில் நான் எடுத்தேன். போதகர்கூடச் சிரித்துவிட்டார். அப்பா ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

ஏலத்தன்று விலை கேட்க வருகிறவர்களிடம் அடையாள அட்டை வாங்கிப் பார்த்து, பொருள் கொடுத்தவர்களின் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, எண் அட்டை கொடுப்பது வழக்கமாக என் வேலை. அன்று தொலைபேசியில் கேட்பவர்கள் அதிகம் என்று என்னை ஃபோன் மேசைக்கு மாற்றினார்கள். வாசலில் ஒரு நாள் கூலிக்கு வந்த காலேஜ் பெண் இருந்தாள். அவளிடம் பட்டியல் இருந்தது. ஒத்துப்பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கூட்டம் உட்கார்ந்த பிறகுதான் நான் அப்பாவைப் பார்த்தேன். வருகிறேன் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது வரிசையில், திருவிருந்து ஞாயிறுகளில் போடும் வெள்ளைச் சட்டையில், சர்ச் பெஞ்சில் உட்காருவது போல முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் வேலை செய்யும் இடத்தை அவர் பார்த்ததே இல்லை. அப்புறம் அவர் முழங்காலின்மேல் இருந்த எண் அட்டை கண்ணில் பட்டது. வாசலில் கொடுத்ததை எதற்கென்று தெரியாமல் மரியாதைக்கு வாங்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பதற்குள் ஃபோன் அடித்துவிட்டது.

என் லைனில் இருந்தவர் கோவாவில் ஹோட்டல் நடத்துகிறவர். வரவேற்பறையில் வைக்கப் பழைய வெள்ளி வேண்டுமாம். எதையோ மென்றுகொண்டே பேசினார். எங்கள் கோப்பையிலிருந்து தொடங்கி வரிசையாக நாலு பொருளுக்கு அவர் கேட்கப்போவதாக என் தாளில் இருந்தது.

கோப்பை திரையில் பெரிதாக வந்தது. ஏலம் கூறுபவர் தலை நரைத்த, கோட்டுப் போட்ட பழைய ஆள், பல வருஷ அனுபவம். நாற்பதாயிரத்தில் தொடங்குகிறேன் என்றார். யாரும் அசையவில்லை. என் ஆள் மென்றுகொண்டிருந்தார். அந்த மௌனம் இரண்டு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். அப்பாவின் அட்டை மேலே போனது.

கூடத்தில் நாற்பது என்றார் ஏலம் கூறுபவர். நான் அதைத்தான் ஃபோனில் சொன்னேன். வேறு என்ன சொல்ல? நாற்பத்தைந்து என்றார் ஹோட்டல்காரர். என் கை மேலே போனது.

அப்பா திரும்பினார். யார் எதிரே கேட்பது என்று தேடிய கண் என்மேல் வந்து நின்றது. முகம் முழுக்கச் சிரிப்பு. பந்தலில் பூசணிக்காய்க்குச் சிரித்த அதே சிரிப்பு. என் பிள்ளை கேட்கிறான், வீட்டு மானத்துக்குக் கேட்கிறான் என்று அவர் புரிந்துகொண்டது அந்தத் தூரத்திலேயே எனக்குத் தெரிந்தது. அட்டையைத் தூக்கினார். ஐம்பது.

நான் தலையை ஆட்டினேன், வேண்டாமென்று. அது அவருக்கு, விடமாட்டேன் என்று நான் சொல்வதாகப் பட்டிருக்க வேண்டும். இன்னும் சிரித்தார். காதில், "ஐம்பத்தைந்து" என்றது. தூக்கினேன். அப்பா அறுபது. காதில் அறுபத்தைந்து. தூக்கினேன்.

கூட்டம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்கிறாரே என்று இரண்டு பேர் அவரை மொபைலில் படம் எடுத்தார்கள். சுவரோரம் நின்ற மேடம் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சபாஷ் சொன்னார். எனக்குள் ஒரு பக்கம் கணக்குத் தெளிவாக ஓடியது. நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. காதில் சொன்னால் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தால் போதும். அப்பாவுக்கு இரட்டிப்பு விலை, மேடத்துக்கு நல்ல ஏலம், எனக்கு வேலை. நஷ்டம் முகம் தெரியாத ஒருவருக்கு, அவருக்கும் அது தெரியவே போவதில்லை. இன்னொரு பக்கம், ஃபோனில் இருந்தவர் எந்த நொடியிலும் போதும் என்று சொல்லிவிடலாம். சொன்னால் பொருள் அப்பாவின் பெயரில் விழும். பணம் கட்டும் மேசையில் அவருடைய பெயரையும் பொருள் கொடுத்தவரின் பெயரையும் யாராவது பார்ப்பார்கள். உள்ளே ஊழியனாக மகன் இருப்பதையும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நாங்கள் தெரியாமல் செய்தோம் என்று சொன்னால் நம்ப அங்கே ஆள் கிடையாது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோதே என் கை இன்னும் இரண்டு தடவை மேலே போய் வந்துவிட்டது. எழுபத்தைந்துக்கு ஒன்று, எண்பத்தைந்துக்கு ஒன்று. அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. தொண்ணூறு.

ஹோட்டல்காரர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். யார்யா அந்த ஆள் என்று கேட்டார். பிறகு, சரி, தொண்ணூற்றைந்து என்றார்.

கை எழவில்லை. ஏலம் கூறுபவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார். காதில், கேட்டியா இல்லையா என்று குரல் வந்தது. நான் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலேயே சொன்னேன்.

"அப்பா, கைய எறக்குப்பா."

அந்தக் கூடத்தில் தமிழ் புரிகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். புரியாதவர்களுக்கும் "அப்பா" புரிந்தது. ஏலம் கூறுபவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெரியவர் பொருளின் உரிமையாளரா என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அப்பாவின் அட்டை இன்னும் பாதி உயரத்தில் இருந்தது. அவர் என்னைத்தான் கேட்டார், அத்தனை பேருக்கும் நடுவில், சாதாரணமாக:

"இன்னாடா ஆச்சு? நான்தான கேக்கணும்?"

ஏலம் கூறுபவர் கூட்டத்திடம் ஒரு தவறு நடந்துவிட்டது, உரிமையாளரின் கேட்புகள் செல்லாது என்றார். அப்பாவின் கேட்புகளை எடுத்துவிட்டால் மிச்சம் இருந்தவர் என் லைனில் இருந்தவர் மட்டும்தான். தொடக்க விலைக்கே போகிறோம், தொலைபேசியில் நாற்பது, வேறு யாராவது உண்டா என்றார். இல்லை. சுத்தியல் விழுந்தது. நாற்பதுக்கா எனக்குக் கிடைத்தது என்று காதில் கேட்டார் ஹோட்டல்காரர். ஆமாம் சார் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். கெட்டிக்காரப் பையன் என்றார்.

இன்னும் மூன்று பொருள் பாக்கி இருந்தது. எழ முடியவில்லை. இருபது நிமிஷம் ஸ்பூனுக்கும் கடிகாரத்துக்கும் கை தூக்கிக்கொண்டு அங்கேயே இருந்தேன். அப்பாவும் அதே இடத்தில் இருந்தார். எழுந்து போகலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. அட்டையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே தண்ணீர் கேன் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். இங்கே சொந்தக்காரர் கேட்கக் கூடாது, அது பிறர் வாங்குகிற விலையை ஏற்றிவிடுகிற ஏமாற்று வேலையாகப் பார்ப்பார்கள் என்று சொன்னேன். தப்பு என்னுடையது, படிவத்தில் இருந்தது, நான்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். கடைசி வாக்கியத்தை அவர் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

"ஏமாத்தா? நானா?"

பிறகு, "யாருமே கேக்கல. சும்மா நின்னுகினு இருந்துச்சு. கொண்டாந்தவனே கேக்கலன்னா மத்தவங்க இன்னா நெனப்பாங்க?" என்றார். சபையில்கூட யாரும் என்னைக் கையை இறக்கு என்று சொன்னதில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். பேப்பர் கப்பில் தண்ணீர் பிடித்து பாதி குடித்துவிட்டுக் கேட்டார்:

"உனக்குப் பர்மனென்ட் போச்சா?"

"தெரியலப்பா."

தலையை ஆட்டிக்கொண்டு தனியாக ஸ்டேஷனுக்குப் போனார். விற்ற பொருட்களைக் கட்டி முடிக்கும்வரை நான் கிளம்பக் கூடாது.

மறுநாள் மேடம் கூப்பிட்டபோது வேலையை விட்டுப் போக வேண்டியதுதான் என்று பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அவர் முதலில் திட்டினார். வாசலில் பட்டியலை ஒத்துப்பார்க்க வைக்காதது, படிவத்தை முழுதாக விளக்காதது இரண்டையும் விரலை மடக்கிச் சொன்னார். இரண்டுமே நியாயம். பிறகு, அந்த ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்த அப்பாவுக்கு ஐம்பதாயிரம் போகும் என்று தெரிந்தும் எத்தனை பேர் வாயைத் திறப்பார்கள் என்று கேட்டார். ஏலத்துக்கு வந்த இரண்டு பெரிய கைகள் போகும்போது இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்களாம். இந்த இடத்தை நம்பி விலை கேட்கலாம் என்று. அடுத்த வருஷமும் ஒரு தங்கவயல் ஏலம் போடுவோம், இன்னும் பெரிதாக, நீதான் நடத்தப்போகிறாய் என்றார்.

நிரந்தர வேலைக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை காலை வீட்டில் பிரித்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு வரிகூட விடாமல் தமிழில் சொன்னேன்: சம்பளம், பி.எஃப், லீவு. கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு ஷரத்து சேர்த்திருந்தார்கள். ஊழியரின் குடும்பத்தினர் யாரும் இனி இங்கே பொருள் கொடுக்கவோ, விலை கேட்கவோ, ஏல நாட்களில் கூடத்துக்குள் வரவோ கூடாது. அவர்கள் யார் யார் என்று கீழே வரிசையாக எழுதியிருந்தது. அம்மா பெயர், கட்டிக்கொடுத்துப் போன தங்கையின் பெயர். அவற்றுக்கு மேலே, முதலாவதாக, அப்பா பெயர்.

"எங்க கீது?"

காட்டினேன். ஆங்கில எழுத்தின்மேல் மெதுவாக விரலை வைத்துப் பார்த்தார்.

"அப்போ நான் அங்க வரக் கூடாது."

"வரக் கூடாதுப்பா."

"அம்மா?"

"அம்மாவும்."

"சரி. அவ எங்க வரப்போறா." விரலை எடுத்துக்கொண்டார். "போடு. இன்னா பாத்துகினு கீற? போடு."

நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போடாமல் இருக்கலாம் என்று ஒரு வழி எனக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அந்த வழி எங்கே கொண்டுபோகும் என்று பார்த்தால் திங்கட்கிழமை ரயில்தான் வந்தது, அதே பெட்டி, வேறு ஏதாவது ஒரு டெம்பரரி. கையெழுத்துப் போட்டேன். அப்பா காகிதத்தை வாங்கி மையை ஊதிக் காயவைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

லைன் வீட்டில் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டு அக்கா துணி காயவைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. புள்ள பர்மனென்ட் ஆயிட்டான் என்று அப்பா சொல்வது கேட்டது. அந்த அக்கா கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார். அதே மூச்சில், எங்க மாமியார் போட்டிருந்த வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி கீது, தம்பிய ஒரு தபா வந்து பாக்கச் சொல்லுங்கண்ணா என்றார்.

"சொல்றேன். ஆனா ஒன்னு," என்றார் அப்பா. குரலில் விஷயம் தெரிந்த ஒருவருடைய நிதானம் இருந்தது. "குடுக்கறதோட சரி. ஏலத்துக்குப் போனாலும் நீ கை தூக்கக் கூடாது. அங்க அது தப்பு."

அப்படியா என்றார் அந்த அக்கா. ஆமாம் என்று அப்பா அவருக்கு அந்த ஷரத்தை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார், நான் அவருக்குச் சொன்ன அதே வார்த்தைகளில். நடுவில் ஒருதரம் நிறுத்தி, நான் சொன்னது சரிதானே என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைக் கேட்டார். சரிதான் என்று குரல் கொடுத்துவிட்டு, தராசையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.